கல் வாங்குவதற்கு முன் குழாயைத் திருப்புங்கள்

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கோத்தகிரியில் வீடு கட்டி ஒன்பது வருடமாகிறது. வாசலுக்கு முன்னால் நிலம் கீழே உள்ள சந்து வரை சரிந்து போகிறது. அகலம் 30 அடி. 24 அடி தூரத்துக்குள் 9 அடி இறக்கம். ஹாலோ பிளாக் சுவர் இரண்டு கட்டி, இரண்டு தட்டாகப் பூப்படுகை போட்டிருந்தோம். போன ஐப்பசி மழையில் கீழ்ச்சுவர் நடுவில் வயிறு தள்ளி, விரிசலும் விட்டுவிட்டது. மேல்படுகையில் ஹைட்ரேஞ்சியாவும் ஜெரேனியமும் இருக்கின்றன. கீழ்ப்படுகை முழுக்கக் கிக்குயு புல், ஓரமெல்லாம் உண்ணிச்செடி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இயற்கைக் கல்லில் கட்டி, இந்த மலைக்கே உரிய செடிகளை வைக்க ஆசை. கான்ட்ராக்டர், "சிமென்ட் இல்லாத கல்கட்டு நிற்காது, கான்கிரீட் சுவர் எழுப்பி முகப்பில் கல் ஒட்டித் தருகிறேன், பொக்லைன் வைத்தால் இரண்டே நாள்" என்கிறார். பக்கத்து ஓடையில் கல் நிறையக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா? குறிஞ்சி வைக்கலாமா? கல் இடுக்கில் பாம்பு குடியேறும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். காட்டுமாடு வேறு அடிக்கடி வந்துபோகிறது. இந்த மழைக்கு முன்னால் வேலையை முடித்துவிட முடியுமா?

— கோத்தகிரி வாசகி

பதில்:

வணக்கம் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது, முடிக்கவும் வேண்டாம். புரட்டாசி பாதி போய்விட்டது. இப்போது மண்ணைத் திறந்தால் ஐப்பசி மழை அதைச் சந்துக்குக் கொண்டுபோய்விடும். கல்வேலை தைக்கு மேல்தான்.

ஆனால் இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களில் என் கண் போய் நின்ற இடம் வீட்டின் இடது மூலை. அங்கே மொட்டைமாடித் தண்ணீரை இறக்கும் வெள்ளை பிவிசி குழாய், மேல்படுகையின் தலைமாட்டிலேயே வாய் திறந்து நிற்கிறது. அதன் கீழே மண் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறது. உங்கள் மாடி 1,200 சதுர அடி என்று எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் ஒரே இரவில் 100 மில்லிமீட்டர் பெய்வது புதிதல்ல. அப்படிப் பெய்யும் இரவில் அந்த மாடியிலிருந்து மட்டும் 11,000 லிட்டர் இறங்கும். நல்ல பெரிய தண்ணீர் லாரி ஒன்றைக் கொண்டுவந்து, விடிய விடிய உங்கள் பூப்படுகையில் திறந்துவிட்டதற்குச் சமம். 11,000 லிட்டர் என்றால் 11 டன் எடை. அது மண்ணுக்குள் இறங்கி, கீழ்ச்சுவரின் முதுகில் போய் நின்றது. ஹாலோ பிளாக் சுவரில் ஒரு வடிகால் ஓட்டை கூட இல்லை. வயிறு தள்ளாமல் என்ன செய்யும்?

அதனால் பிளம்பரைக் கூப்பிட்டு, அந்தக் குழாயை வீட்டோரமாகவே பக்கவாட்டில் நீட்டி, படுகைகளைச் சுற்றிக்கொண்டு, தெருச் சாக்கடை வரை மூடிய குழாயாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். நாலு அங்குலக் குழாய் போதும். நடுவில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி வைத்தால் வெயில் காலத்துக்குச் செடித் தண்ணீர் ஆகும். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரும் அதே குழாயில்தான் போக வேண்டும், மண்ணில் விழக் கூடாது. இன்னொன்று. மழைநீரை மண்ணிலேயே இறக்க உறிஞ்சுகுழி வெட்டுங்கள் என்று யாராவது நல்ல மனதோடு சொல்வார்கள். கோயம்புத்தூரில் அது நல்ல யோசனை. சரிவின் உச்சியில் அதைப்போல ஆபத்து வேறில்லை. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். நீர் ஊறிக் கனத்த மண்ணுக்குத் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் போய்விடுகிறது. நம் வாசல் படுகைக்கும் அதே கணக்குதான், அளவு மட்டும் சிறிது.

வயிறு தள்ளிய சுவருக்குக் கீழே சந்து இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள். அந்தச் சுவரின் மேல் மூன்று வரிசைக் கல்லை இப்போதே கழற்றி, பின்னால் இருக்கும் மண்ணைச் சரிவாக வழித்துவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். கழற்றும்போது ஆள் மேலே நின்று கழற்ற வேண்டும், கீழே சந்தில் யாரும் நிற்கக் கூடாது. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது இந்தச் சரிவிலோ அதன் தலைமாட்டிலோ இருந்தால், மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு சிவில் இன்ஜினியரை வரச்சொல்லுங்கள். அங்கே என் யோசனை போதாது.

இனி கல்லுக்கு வருவோம்.

உங்கள் கான்ட்ராக்டர் சொல்வது முழுப் பொய் இல்லை. கான்கிரீட் சுவர் நிற்கும். ஆறேழு அடி உயரத்துக்கு ஒரே சுவர் எழுப்ப வேண்டும், மேலே கார் நிற்க வேண்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முகத்தில் கல் ஒட்டுவது வேறு கதை. பின்னாலிருந்து ஈரம் கசியக் கசிய ஒட்டுக்கல் உப்புப் பூத்து, நாலைந்து மழையில் ஒவ்வொன்றாகக் கழன்று விழுவதைக் குன்னூரிலும் ஊட்டியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சரிவு 24 அடிக்கு 9 அடி. ஏறக்குறைய 20 டிகிரி. தேயிலைத் தோட்டத்துக்கு இது சமவெளி மாதிரி. இங்கே காரை போடாத கல்கட்டு தாராளமாக நிற்கும். கன்னியாகுமரிப் பக்கம் இதைக் கையாலை என்பார்கள். நம் மலையில் பழைய ஹட்டிகளுக்கு, அதாவது படுகர் ஊர்களுக்குப் போனால் வீட்டு முற்றத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும், பாசி படிந்து, சுண்ணாம்பு ஒரு பொட்டுகூட இல்லாமல். அது நிற்பதற்குக் காரணம் எடையும் உரசலும்தான். தண்ணீர் இடுக்கு வழியாக வெளியே போய்விடுவதால் முதுகில் அழுத்தம் சேர்வதில்லை. மண் ஒரு அங்குலம் இறங்கினால் கல்லும் கூடவே உட்கார்ந்துகொள்ளும். சிமென்ட் சுவருக்கு அந்தத் தன்மை இல்லை. அது விறைத்து நின்று, ஒருநாள் வெடிக்கும்.

நாலரை அடிச் சுவர் இரண்டுக்குப் பதிலாக இரண்டரை அடிச் சுவர் மூன்று கட்டுங்கள். ஏழரை அடி அதில் போய்விடும். மிச்சம் ஒன்றரை அடியைப் படுகைக்கு அரையடி வீதம் மென்மையான சரிவாகவே விட்டுவிடலாம். படுகையை மேஜைபோல மட்டமாக்க வேண்டும் என்று ஆள்கள் அடம்பிடிப்பார்கள். விடாதீர்கள், மட்டமான படுகை தண்ணீரைத் தேக்கும். அளவெடுக்கக் கருவி எதுவும் வேண்டாம். 30 அடி டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். வேலை தொடங்குவதற்கு முன் ஒருநாள் மாலை நீங்களும் வீட்டுக்காரருமே குச்சியும் சணல் கயிறுமாகக் குறித்துவிடலாம்.

கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொத்தனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டியது நீங்கள்தானே.

முதலில் கடைக்கால். ஒரு அடி ஆழம் தோண்டினால் மேல்மண் போய், மண்வெட்டி 'ணங்' என்று திரும்பும் கெட்டி மண் வரும். வராவிட்டால் வரும்வரை தோண்ட வேண்டும். அகலம் ஒன்றேமுக்கால் அடி. கடைக்காலின் அடி, மலைப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கட்டும். கட்டு முழுவதும் மலைமீது சாய்ந்துகொள்ள வேண்டும். இருப்பதிலேயே பெரிய கற்களை இங்கே போட வேண்டும். பெரிய கல்லை மேலே வைத்தால்தான் அழகு என்று அதை ஒதுக்கி வைப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். மேலே ஏற ஏறச் சுவர் பின்வாங்கிக்கொண்டே போகும். இரண்டரை அடி உயரத்துக்கு 6 அங்குலம். அடியில் ஒன்றேமுக்கால் அடி இருந்த கனம் உச்சியில் ஒன்றேகால் அடியில் முடியும்.

என்னோடு இருபது வருடமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு கல்லை எடுத்தால் உடனே வைக்க மாட்டார். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இரண்டு முறை புரட்டுவார். "கல்லுக்கு மூஞ்சி இருக்கு, வாலு இருக்கு, வாலைப் பார்த்து வைக்கணும்" என்பார். நீளப் பக்கம் மண்ணுக்குள் போக வேண்டும், குட்டைப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். கல் அதிகம் தெரிய வேண்டும் என்று நீளப் பக்கத்தை வெளியே காட்டி அடுக்குபவர் சுவர் கட்டவில்லை, படம் மாட்டுகிறார். ஒரு கல் இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும். கீழே இருக்கும் இடுக்குக்கு நேர் மேலே இன்னொரு இடுக்கு வரக் கூடாது. வைத்த கல்லின் மேல் ஏறி நின்று பார்க்க வேண்டும். ஆடினால் எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். சின்னக் கல்லை ஆப்பாகச் செருகுவதானால் முதுகுப்பக்கமிருந்து செருக வேண்டும். முகப்பக்கமிருந்து செருகியது அடுத்த வருடம் சந்தில் கிடக்கும். நாலடிக்கு ஒன்றாக, சுவரின் முழுக் கனத்தையும் தாண்டி மண்ணுக்குள் நீளும் நெடுங்கல் ஒன்று கட்டாயம். பக்குவமான கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்தால் ஒருநாளைக்கு 25 சதுர அடி முகம் கட்டலாம், அது என் அனுபவம். அதைவிட வேகமாகப் போனால் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

சுவர் அரையடி ஏறுவதற்குள் முதுகில் ஒன்றரை அங்குல ஜல்லியை ஒரு அடி அகலத்துக்குக் கொட்டிக்கொண்டே வர வேண்டும். முழுச் சுவரும் கட்டி முடித்த பிறகு கொட்டலாம் என்பது ஏமாற்று வேலை. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ துணி விரியுங்கள், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி அது. இல்லையென்றால் நம் செம்மண் கரைந்து வந்து இரண்டே மழையில் ஜல்லியை அடைத்துவிடும். பிறகு ஜல்லி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசால் இடிக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருந்து, கடைசி ஒரு அடிக்கு அதைப் பரப்புங்கள். அந்த ஒரு அடியை இடிக்க வேண்டாம், அங்கேதான் வேர் ஓட வேண்டும்.

எவ்வளவு கல் வேண்டும்? ஒரு சுவர் 30 அடி நீளம், இரண்டரை அடி உயரம், சராசரி கனம் ஒன்றரை அடி. 112 கன அடி ஆகிறது. கடைக்காலுக்கு 52. மொத்தம் 165 என்று வைத்துக்கொண்டால் மூன்று சுவருக்கும் 495 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட், ஆக 5 யூனிட். உடைசலுக்கு அரை யூனிட் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கடைக்காலில் வந்த கல் பின்பக்கம் கிடப்பதாகப் படத்தில் தெரிகிறது. அதை முதலில் பயன்படுத்துங்கள். அது இந்த மலையின் சொந்தக் கல், சார்னோகைட். உடைத்த முகம் கருநீலமாகப் பளபளக்கும். இரண்டு வருட மழையில் பாசி ஏறி, எப்போதோ கட்டிய மாதிரி ஆகிவிடும். மிச்சத்துக்குக் கீழேயிருந்து லோடு வர வேண்டியிருக்கும். மொத்தக் கல்லும் முக்கோணமும் சதுரமுமாக உடைத்த சைஸ் கல்லாக இருக்கட்டும். பாலிஷ் போட்ட கல், மெஷினில் அறுத்த பலகைக்கல் எதுவும் இதற்கு உதவாது.

ஓடைக்கல்லைத் தொடாதீர்கள். அனுமதி இல்லாமல் ஓடையிலிருந்து கல் எடுப்பது சட்டப்படி தப்பு, அது ஒன்று. இரண்டாவது, ஓடைக்கல் உருண்டு உருண்டு வழவழத்தது. ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் கொய்யாப்பழத்தை அடுக்கினது போலத்தான். மூன்றாவது, அந்தக் கல்தான் ஓடையின் வேகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்தால் ஓடை கரையைத் தின்னும். கீழே இருப்பவர் உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார்.

பொக்லைன் விஷயம். நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 'ராத்திரியில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிடலாம்' என்று சொல்கிற கான்ட்ராக்டரை அப்போதே மாற்றிவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இரண்டரை அடிச் சுவருக்கு அந்த இயந்திரம் எதற்கு? அதன் ஒரு வாளி அள்ளும் மண்ணில் உங்கள் ஒன்பது வருட மேல்மண் போய்விடும். நாலு ஆள், கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு போதும். கீழ்ச்சுவரை முதலில் முடித்து, பிறகு நடு, கடைசியாக மேல். ஒரே நாளில் மூன்றையும் தோண்டிப் போடாதீர்கள்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், குன்னூரில் ஒரு வீட்டுச் சரிவு. ஆளுயர உண்ணிச்செடி. களை ஒழிப்பு என்றால் அப்படி ஒரு வெறி எனக்கு. செப்டம்பரில் பத்து ஆள் விட்டு வேரோடு பிடுங்கி, வழித்துத் துடைத்த தரையை வீட்டுக்காரருக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன். மூன்று வாரத்தில் மழை பிடித்தது. செம்மண் குழம்பு தாழ்வாரம் வரை வந்து நின்றது. என் கைக்காசில்தான் அள்ளினேன். அந்நியச் செடியோ சொந்தச் செடியோ, அந்த வேர்தான் அத்தனை நாள் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. மாற்று வேர் தயாராகாமல் பழைய வேரை எடுக்கக் கூடாது என்பது அந்தக் குழம்பை அள்ளும்போது புரிந்தது.

அதனால் உங்கள் உண்ணிச்செடியைத் தையில், சுவர் கட்டும் பகுதியில் மட்டும் எடுங்கள். கிளையை வெட்டிப் போட்டால் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே, மண்ணுக்குள் இரண்டு அங்குலத்தில் வெட்டி, குத்தை அப்படியே தலைகீழாக வெயிலில் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. மண்ணைக் கிளற வேண்டியதே இல்லை. காய் பிடிப்பதற்கு முன் செய்யுங்கள், குருவி விதையைக் கொண்டுபோய்விடும். கிக்குயு புல் இதைவிடப் பிடிவாதம். ஆப்பிரிக்காவிலிருந்து மேய்ச்சலுக்கு வந்தது. ஒரு கணு மண்ணில் தங்கினாலும் மறுபடி படரும். அதை ஒரே தடவையில் ஒழிக்கலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சந்தை ஒட்டிய கடைசி ஓரத்தில் ஒரு பட்டையாக அதை விட்டுவைத்து, மற்ற இடத்தில் வாரம் ஒருமுறை கையால் இழுத்துக்கொண்டே இருங்கள். ஒரு வருடம் ஆகும்.

ஹைட்ரேஞ்சியாவை எடுக்க வேண்டாம். ஆச்சரியப்படுவீர்கள். அது எந்த ஊர்ச் செடியாக இருந்தால் என்ன, விதை போட்டுக் காட்டுக்குள் ஓடுகிற ஜாதி இல்லை. வீட்டையொட்டிய மேல்படுகையில், நிழலில், அது நன்றாகத்தான் இருக்கிறது. பொறுமையாக வளர்த்திருக்கிறீர்கள். தவிர, உங்களுக்கு ஒரு விஷயத்தை அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. வாசல் பக்கம் பூ நீலம், சுவரோரம் அதே பூ இளஞ்சிவப்பு. ஒரே தாய்ச்செடியின் குச்சிகள்தானே? நம் மலை மண் புளிப்பு மண், அதில் அந்தப் பூ நீலமாகத்தான் வரும். சுவரோரம் சிவந்திருக்கிறது என்றால் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்குகிறது. பழைய சுவரை இடிக்கும்போது சிமென்ட் கட்டி, காரைத்தூள் எதையும் படுகையில் புதைக்காமல் வெளியேற்றச் சொல்வது இதற்காகத்தான். சோலை எனப்படும் நம் மலைக்காட்டின் செடிகள் பலவும் புளிப்பு மண்ணுக்குப் பழகியவை. சிவப்புப் பூ பூக்கும் மலைமரமான காட்டுப்பூவரசுக்குச் சுண்ணாம்பு பட்டால் இலை மஞ்சளாகிவிடும்.

இனி செடிகளுக்கு ஒரு பட்டியல் எதிர்பார்ப்பீர்கள். பட்டியலை விட இடத்தைச் சொல்கிறேன்.

சுவரின் உச்சி விளிம்பில், கல்லுக்கு ஒரு அடி பின்னால், வரிசையாகப் புல். இந்த மலையின் திறந்தவெளிகளில் கொத்துக்கொத்தாக நிற்கும் கிரைசோபோகன், யூலாலியா வகைகள் கிடைத்தால் நல்லது. மழைத் தண்ணீர் வேகமாக ஓடிவந்து விளிம்பைத் தாண்டும் இடம் அது. புல்கொத்து சீப்பு மாதிரி நின்று மண்ணைத் தடுத்துவிட்டுத் தண்ணீரை விடும். கிடைக்கவில்லை என்றால் வெட்டிவேர் வைக்கலாம். அது மலைப் புல் அல்ல, தாழ்நிலத்துச் சொந்தக்காரன். ஆனாலும் செங்குத்தாக ஆழம் போகும் அதன் வேருக்கு நிகர் குறைவு. கோத்தகிரியில் ஊட்டியளவு உறைபனி விழுவதில்லை என்பதால் பிழைத்துக்கொள்ளும்.

கல் இடுக்கில் பெரணியும் காட்டுக் காசித்தும்பையும். கட்டும்போதே, கல்லுக்குக் கல் நடுவில் இலைமக்கோடு வேரைப் படுக்கவைத்து மேல்கல்லை வைத்துவிட வேண்டும். கட்டி முடித்தபின் விரலால் திணித்தால் பாதி காய்ந்துபோகும். வடக்குப் பார்த்த, ஈரம் தங்கும் பக்கம் மட்டும் போதும். வெயில் அடிக்கும் பக்கத்தை வெறும் கல்லாகவே விட்டுவிடலாம்.

நடுப்படுகையில் புதர்கள். மஞ்சள் பூவோடு நிற்கும் ஹைப்பெரிக்கம், ரோஜா நிறப் பூவும் இனிப்புக் காயுமாகத் தவிட்டுப்பழம், சந்து ஓரத்தில் வேலிக்கு ஊசிக்கலா. ஊசிக்கலா முள் நாயைக்கூட நிறுத்தும். காட்டுப்பூவரசு ஒன்று வைக்கலாம், ஆனால் அது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கான மரம். அவ்வளவு மெதுவாக வளரும். விக்கி, காட்டுச் செண்பகம் போன்ற பெரிய மரங்களைச் சுவருக்குப் பின்னால் வைக்கவே கூடாது. மரம் காற்றில் ஆடும்போது வேர் கல்லை நெம்பும். சரிவு முடிந்து சமமாகும் மூலையில், சுவரிலிருந்து பத்தடி தள்ளி ஒன்று போதும்.

குறிஞ்சி தாராளமாக வைக்கலாம், ஆனால் அதை நம்பி மண்ணை ஒப்படைக்காதீர்கள். பன்னிரண்டு வருடம் வெறும் பச்சைப் புதராக நிற்கும், ஒருமுறை பூக்கும், விதை போட்டுவிட்டுச் செத்துப்போகும். 2006-லும் 2018-லும் மலை நீலமானது நமக்குத் தெரியும். அடுத்தது 2030. அந்த வருடம் பூத்து முடிந்தபின் மொத்தப் படுகையும் காய்ந்த குச்சியாக நிற்கும், மண்ணைப் பிடிக்க வேர் இருக்காது. ஆகவே புல்லுக்கும் புதருக்கும் நடுவில் அங்கங்கே ஐந்தாறு செடி. விதை விழும் இடத்தை மட்டும் அந்த வருடம் கொத்தாமல் விட்டுவிடுங்கள்.

நாற்றைக் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம். பிடுங்கி வந்த சோலைச்செடி பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை. உங்கள் ஊரிலேயே கீஸ்டோன் ஃபவுண்டேஷன் மலைச்செடிகளுக்கு நாற்றங்கால் நடத்துகிறது, அங்கே கேளுங்கள். ஒரு சாண் உயர நாற்றே நல்லது. மூன்றடி உயரத்தில் வாங்கினால் காசும் போகும், வேரும் பையில் சுருண்டிருக்கும்.

ஜூன் சாரலில் நடுங்கள். ஐப்பசி வருவதற்குள் வேருக்கு நாலு மாதம் கிடைக்கும். தைக்கும் ஜூனுக்கும் நடுவில் வெறும் மண்ணாகக் கிடக்கும் படுகைக்கு, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது குச்சியைக் கேட்டு வாங்கிவையுங்கள். சரிவுக்குக் குறுக்காகக் கட்டுக்கட்டாகப் படுக்கவைத்து, முளை அடித்து நிறுத்தினால் கோடைமழைக்கு மண் நகராது. இரண்டு வருடத்தில் அது அங்கேயே மக்கி உரமாகும். நான் பார்த்ததிலேயே மலிவான மண் அணை அதுதான், கேட்டால் சும்மாவே தருவார்கள்.

பாம்பு வருமா என்றால், வரலாம். கல் இடுக்கில் ஓணான், தவளை, மண்ணுக்குள் புழு தின்று வாழும் விஷமில்லாத சின்னப் பாம்புகள் எல்லாம் வரும். குழிவிரியன் அபூர்வமாக வரக்கூடும். வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், பாம்பை அழைப்பது கல் அல்ல, எலி. சமையல் குப்பையைச் சுவர்ப் பக்கம் கொட்டாமல், முதுகு ஜல்லியை இடைவெளி இல்லாமல் நிரப்பிவிட்டால் எலிக்கு வளை கிடைக்காது. களை எடுக்கும்போது கையுறை போடுங்கள், இடுக்கில் வெறுங்கை விடாதீர்கள்.

காட்டுமாட்டுக்குத்தான் என்னிடம் முழுத் தீர்வு இல்லை. அதன் எடைக்கு எந்தத் தோட்டச் சுவரும் கணக்கு இல்லை. இரண்டரை அடித் தட்டுகள் அதற்குப் படிக்கட்டு. ஒரு வீட்டில் வேலி போட்டுத் தடுத்துப் பார்த்தோம். வேலியையும் உடைத்து, வேலி விழுந்த இடத்துச் சுவரையும் உடைத்துவிட்டுப் போனது. இப்போது நான் செய்வது, அது வழக்கமாக நடந்துபோகும் தடத்தைப் பார்த்து, அந்த மூன்றடி அகலத்துக்குச் சுவரே கட்டாமல் கல் பதித்த சாய்தளமாக விட்டுவிடுவது. பெரும்பாலும் அந்த வழியிலேயே போகும். மற்ற இடங்களில் உச்சி வரிசைக்கு, இரண்டு ஆள் சேர்ந்து தூக்கும் கனமான கல்லாக வையுங்கள். கால் பட்டாலும் சரியாது. சரிந்தால் மறுநாள் நீங்களே எடுத்து வைத்துவிடலாம், அதற்குக் கொத்தனார் வேண்டாம், சிமென்ட் வேண்டாம். தவிட்டுப்பழத்தைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். பழக்காலத்தில் கரடி வந்து போகிற ஊர் உங்களுடையது.

குழாயைத் திருப்பிய பிறகு, முதல் பெருமழையில் குடையோடு அரைமணி நேரம் வாசலில் நில்லுங்கள். தண்ணீர் எந்தெந்த வழியாக இறங்குகிறதோ அங்கெல்லாம் ஒரு குச்சி நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் உங்கள் பக்கம் வருகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். மழை விட்டதும் மேலிருந்து ஒரு படம், சந்திலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். சுவர்க் கோடு எங்கே வரவேண்டும் என்று அந்தக் குச்சிகளைப் பார்த்துத்தான் குறித்துத் தர முடியும்.